மாமனார் பெயரை மகனுக்கு வைக்கலாமா?

கேள்வி:

எனக்கு ஆண் குழந்தை பிறந்து 40 நாள் ஆகிறது. முதல் குழந்தை. நானும் கணவரும் பெங்களூரில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். கணவருக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் பாபநாசம் பக்கம். என் மாமனார் முருகேசன் போன வருடம் காலமாகிவிட்டார். பையன் பிறந்தால் அப்பா பெயர்தான் என்று கணவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

மாமா மேல் எனக்கு நிறையப் பிரியம் உண்டு. கல்யாணமான புதிதில் டைபாய்டு வந்து நான் படுத்தபோது பத்து நாளும் தன் கையால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர். ஆனாலும் அந்தப் பெயரில் என் மனம் ஒட்டவில்லை. பழைய பெயராக இருக்கிறது. 'எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பேருப்பா அது' என்று தோழிகள் சிரிக்கிறார்கள். நாளை பள்ளியில் கேலி செய்வார்களோ, வெளிநாடு போனால் யார் வாயிலாவது நுழையுமோ என்று பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும்விட, மாமா பெயரைச் சொல்லி என் பிள்ளையை நான் எப்படி அதட்டுவேன்? ஜோதிடரோ பூர நட்சத்திரத்துக்கு மோ, டா, டி, டு என்ற எழுத்துகளில்தான் வைக்க வேண்டும் என்கிறார். 'சர்டிபிகேட்டில் முருகேசன் இருக்கட்டும், வீட்டில் உனக்குப் பிடித்ததைக் கூப்பிட்டுக்கொள்' என்கிறார் கணவர். முருகன், முருகேசன் என்ற பெயர்களில் இன்றைக்கு ரசிக்க என்ன இருக்கிறது? நான் என்ன செய்யட்டும்?

வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

பிள்ளைக்கும் உங்களுக்கும் என் ஆசிகள். நான் முப்பது வருடம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பெயர் வைக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பட்டியல் எழுதிக் கொடுப்பது ஓய்வுபெற்ற பிறகும் நிற்கவில்லை. உங்களுக்குப் பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. உங்களுக்குத் தேவையான பெயர் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பெயர் பழையது, கேலி செய்வார்கள், வாயில் நுழையாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் 'மாமா பெயரைச் சொல்லி எப்படி அதட்டுவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் உங்கள் கையெழுத்தே கொஞ்சம் மாறியிருந்தது. உங்கள் சங்கடத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. எனவே முதலில் அதைப் பேசிவிடலாம்.

என் அப்பா பெயர் முருகையன். எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். வருடம் தவறாமல் திருச்செந்தூருக்குப் போவோம். நடை திறந்ததும் கூட்டமே 'முருகா, முருகா' என்று கதறும். என் அம்மா மட்டும் 'செந்தூரா, என் அப்பனே' என்பாள். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது அவள் வளர்ந்த வளர்ப்பு. ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் குடும்பத் தலைவர் பெயர் கேட்டபோது, சுவரில் தொங்கிய காலண்டர் படத்தைக் கையால் காட்டினாள். மயிலோடு நிற்கிற சாமியைப் பார்த்துவிட்டு அவர் 'சுப்பிரமணியனா, கந்தசாமியா' என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். கடைசியில் நான்தான் ஓடிவந்து சொன்னேன். எனக்கு அப்போது ஏழு வயது.

நீங்கள் அந்தத் தலைமுறை இல்லை. கணவரைப் பெயர் சொல்லியேகூட அழைப்பீர்கள். ஆனால் மாமனார் விஷயத்தில் அந்தப் பழக்கம் உங்கள் நாக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அத்தனை நீளக் கடிதத்தில் அவர் பெயரை ஓரிரு இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள், மற்ற இடமெல்லாம் 'மாமா'தான். அந்தப் பெயரை நீங்கள் ஒருநாளும் உரக்கச் சொன்னதில்லை. சொல்லிப் பழகாத பெயர் வாயில் ஒட்டாது. அதைத்தான் நீங்கள் 'பழைய பெயர்' என்று எடுத்துக்கொள்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வீடுகளில் இன்று நேற்று வந்ததில்லை. பேரன் என்ற சொல்லே 'பெயரன்', பெயரைத் தாங்குகிறவன், என்பதிலிருந்து வந்ததுதான். சங்க நூலான ஐங்குறுநூற்றின் 403ஆம் பாட்டில் ஒரு செவிலித்தாய் மகளின் குடித்தனத்தைப் பார்த்துவிட்டு வந்து மகிழ்ச்சியோடு சொல்கிறாள். அந்த வீட்டுத் தலைவனுக்குக் காதலியின் மேல் உள்ள அன்பைக் காட்டிலும், சிறுதேரை உருட்டிக்கொண்டு தளர்நடை நடக்கும் தன் பிள்ளையின் மேல் அன்பு மிகுந்துவிட்டதாம். அந்தப் பிள்ளையைப் பாட்டு 'தந்தை பெயரன்' என்கிறது. தலைவன் தன் அப்பாவின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருக்கிறான். உங்கள் கணவர் கேட்பதும் அதையேதான். நற்றிணையின் 40ஆம் பாட்டில் ஒரு தலைவன் நள்ளிரவில் கள்வனைப் போலத் தன் வீட்டுக்குள்ளேயே நுழைகிறான். ஏன் அப்படி வந்தான் என்பதற்குப் பாட்டு தரும் காரணம் 'சிறந்தோன் பெயரன் பிறந்த மாறே'. தன் தந்தையின் பெயரைச் சுமக்கப்போகிறவன் பிறந்திருக்கிறான், அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் தாத்தாவையே 'பேரன்' என்பார்கள். அங்கே பாட்டனும் பேரனும் ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள்.

இனி முருகன் என்ற பெயருக்கு வருகிறேன். பழைய பெயர் என்கிறீர்கள். தமிழில் இதைவிட இளமையான பெயரை என்னால் காட்ட முடியாது. 'முருகு' என்ற சொல்லுக்கு இளமை, அழகு, மணம், தேன், தெய்வத்தன்மை என்று பொருள்கள் உண்டு. முருகன் என்றால் இளைஞன், அழகன் என்றே பொருள் கொள்ளலாம். மாமாவை நீங்கள் நரைத்த தலையோடு பார்த்தீர்கள், அதனால் பெயரும் நரைத்ததாகத் தெரிகிறது. 40 நாள் பிள்ளையின் உச்சியை முகர்ந்து பாருங்கள். அந்த வாசனைக்குத் தமிழில் முருகு என்றுதான் பெயர்.

ஓசையையும் பாருங்கள். யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், முருகன் 'புளிமா' என்ற சீர். முரு என்பது நிரை, கன் என்பது நேர். மூன்று குறில் சேர்ந்து ஓடிவந்து ஒரு மெல்லின ஒற்றில் நிற்கிறது. வாசலில் நின்று கூப்பிடும்போது கடைசி எழுத்து நீண்டு 'முருகா' ஆகும். களைத்து உட்காரும்போதும், இடுப்பு வலிக்கும்போதும், கஷ்டம் தீர்ந்து மூச்சு விடும்போதும் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்து வருவது அந்தச் சொல்தான். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டாலே பிரார்த்தனையும் ஆகிவிடுகிற பெயர்கள் நம்மிடம் மிகச் சில. முருகேசனில் தமிழும் வடமொழியும் கைகோத்திருக்கின்றன. முருகனோடு ஈசன் சேர்ந்து வடமொழிப் புணர்ச்சி விதிப்படி முருகேசன் ஆகியிருக்கிறது. யாப்பில் அது 'புளிமாங்காய்' என்ற சீர். கொஞ்சம் நீளம், கொஞ்சம் நிதானம். பெரிய மனிதருக்கு அது நன்றாகப் பொருந்தியிருக்கும்.

எப்படி அதட்டுவேன் என்று கேட்டீர்களே, அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு பெண் பதில் சொல்லிவிட்டாள். நற்றிணையின் 34ஆம் பாட்டு. காதலனை எண்ணி ஒருத்தி மெலிகிறாள். விஷயம் தெரியாத தாய், 'இது முருகனால் வந்த கோளாறு' என்று முருகனின் பூசாரியான வேலனை வரவழைத்து, அவன் சாமியாடும் வெறியாட்டுக்கு ஏற்பாடு செய்கிறாள். முருகனும் அந்த அழைப்பை ஏற்று வந்துவிட்டானாம். பெண்ணின் தோழி நேராக அந்தத் தெய்வத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள்: 'கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே.' நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனாலும் உனக்கு விவரம் போதாது முருகா, நீ நல்லா இரு.

அந்த 'வாழிய' என்ற சொல்லை நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் நின்றுதான் கடப்பேன். திட்டிய வாயாலேயே வாழ்த்திவிடுகிறாள். பிள்ளையை அதட்டுகிற எந்தத் தமிழ்த் தாயும் செய்வது அதுதான். இந்தப் பெயருக்கு உரிய தெய்வம் அப்படிப்பட்டது. கோபித்துக்கொள்ளலாம், உரிமையோடு பேசலாம், சண்டை போடலாம். அவனே ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிப் போனவன்தானே. முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கும் முருகன் என்ற பெயர் பொருந்தும்.

ஆண் பெயர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீரத்தைச் சொல்லும் ஆண் பெயர்கள் நம்மிடம் ஏராளம், பலவற்றில் வாளும் மீசையும் தெரியும். முருகனும் படைத்தலைவன்தான். ஆனால் நாம் வழக்கமாகக் காணும் அவன் உருவத்தில் மீசை இருக்காது. திருச்செந்தூரில் சூரனோடு போரிட்ட கதை உங்களுக்குத் தெரியும். அந்தப் பகைவனை அவன் மயிலாக்கி வாகனமாகவும், சேவலாக்கிக் கொடியாகவும் வைத்துக்கொண்டான். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் அவனுடைய ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். ஒரு முகம் இருண்ட உலகத்துக்கு ஒளி தருகிறது, ஒரு முகம் வேண்டியவர்க்கு வரம் தருகிறது, ஒன்று வேள்வியைக் காக்கிறது, ஒன்று பகையை அழிக்கிறது. கடைசியாகச் சொல்லும் முகம் குறவர் மகள் வள்ளியோடு சிரித்துக்கொண்டிருக்கிறது. போருக்குப் போகிற ஆணுக்கு, மனைவியோடு சிரிக்க ஒரு முகம் தனியாக வேண்டும் என்று அந்தப் புலவருக்குத் தோன்றியிருக்கிறது. டைபாய்டில் கிடந்த மருமகளுக்குப் பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்த உங்கள் மாமா அந்தப் பெயருக்குப் பொருத்தமாகவே வாழ்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

உங்கள் தோழிகள் சொன்ன வாட்ச்மேன் விஷயம் என்னை வருத்தியது. நீங்களும் கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். நாடகத்திலும் படத்திலும் காவல்காரருக்கும் சமையல்காரருக்கும் முருகன், முனியாண்டி, மாடசாமி என்று வைத்து வைத்து, நம் காதுகள் அப்படிப் பழகிவிட்டன. உங்கள் குடியிருப்பின் வாசலில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் நிற்கிற அந்த முருகனையும் யாரோ ஒரு தாய் மொட்டை போட்டு, காது குத்தி, ஆசையோடு அந்தப் பெயரைச் சொல்லித்தான் தூக்கி வளர்த்திருப்பாள். அவர் பெயரும் உங்கள் மகன் பெயரும் ஒன்றாக இருப்பதில் குறைச்சல் எதுவும் இல்லை, அம்மா. நான் பெயர் வைத்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் எத்தனையோ வேலைக்குப் போயிருக்கிறார்கள். எந்த வேலையும் ஒரு பெயரைத் தாழ்த்தியதாக எனக்குத் தெரியவில்லை.

தோழிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால், பசுமைப் புரட்சியைச் சொல்லுங்கள். அன்றைய வேளாண் அமைச்சர் சி.சுப்பிரமணியம். விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன், 1925இல் கும்பகோணத்தில் பிறந்தவர். இருவருக்கும் பாரத ரத்னா வழங்கப்பட்டது. இரண்டுமே முருகனுடைய பெயர்கள். சென்னையில் 1923இல் மே நாள் கொண்டாடிய சிங்காரவேலரின் பெயர் சிக்கல் கோயிலில் இருக்கும் சிங்காரவேலவனின் பெயர். கொடியைப் பிடித்தபடியே அடிபட்டு 1932 ஜனவரியில் உயிர்விட்ட திருப்பூர் குமரன் சென்னிமலைக்காரர். வீட்டில் வைத்த பெயர் குமாரசாமி. முருகன் கோயில் மலையடிவாரத்தில் பிறந்த பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

இந்த ஒரே தெய்வத்தின் பெயர்களைக் கொண்டே தமிழ்நாட்டின் வரைபடத்தை வரைந்துவிடலாம். இதில் எனக்குத் தீராத ஆசை உண்டு. ஒருவர் தணிகாசலம் என்றால் வீட்டில் யாரோ திருத்தணிக்கு நேர்ந்திருப்பார்கள். மருதாசலம் என்றால் பெரும்பாலும் கோயம்புத்தூர்ப் பக்கம், மருதமலைக்காரர். பழனிச்சாமி கொங்கு நாட்டில் அதிகம், அதுவே செட்டிநாட்டில் பழனியப்பன் ஆகும். எங்கள் பக்கம் செந்தில், செந்தூர்பாண்டி, ஆறுமுகம். வைத்தீஸ்வரன்கோயிலைக் குலதெய்வமாகக் கும்பிடும் வீடுகளில் முத்துக்குமாரசாமி இருப்பார். ஈழத்தில் கதிர்காமர், மயில்வாகனம் என்று இருப்பார்கள். உங்கள் புகுந்த ஊருக்குப் பக்கத்தில் சுவாமிமலை இருக்கிறது, அதனால் அந்தப் பகுதியெங்கும் சாமிநாதன்கள்.

உங்கள் கணவரின் ஊருக்கு அருகில் உத்தமதானபுரம் இருக்கிறது. தமிழ்த் தாத்தா என்று நாம் சொல்லும் உ.வே.சாமிநாதையருக்கு அதுதான் சொந்த ஊர், 1855இல் பிறந்தது தாயின் ஊரான சூரியமூலையில். அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் 'சாமா' என்று கூப்பிடுவார்கள், அது சாமிநாதன் என்பதன் சுருக்கம். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது, வேறு பெயர் ஏதும் உண்டா என்று ஆசிரியர் விசாரித்து, சாமிநாதன் என்பதே இருக்கட்டும் என்றார். அன்றிலிருந்து அதுவே நிலைத்தது. சாமிநாதையர் பிறகு 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதில் முதல் பாட்டு திருமுருகாற்றுப்படை. இந்தக் கதையை உங்களுக்கு ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். சடங்கில் இட்ட பெயர் ஏட்டோடு நின்றது. வீட்டில் வாய் நிறையக் கூப்பிட்ட பெயர்தான் அவரோடு கடைசிவரை வந்தது.

அதனால்தான் உங்கள் கணவர் சொல்லும் சமரசம் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், உங்களை வருத்தக்கூடாது என்று நினைக்கிறார். ஆனால் சான்றிதழில் ஒன்று, வீட்டில் ஒன்று என்றால், அந்தப் பிள்ளை அப்பா வழித் தாத்தாவின் பெயரைப் பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் கேட்பான். வீட்டில் அன்போடு யாரும் சொல்லாத பெயர், வெளியில் யாரோ வாசிக்கும்போது மட்டும் வரும் பெயர், அவனுக்கு அந்நியமாகத்தான் இருக்கும். கேலிக்கு முதலில் இரையாவதும் அப்படிப்பட்ட பெயர்தான். வீட்டில் நிறையக் கேட்டு வளர்ந்த பெயரை எவன் கிண்டல் செய்தாலும் பிள்ளை நிமிர்ந்து நிற்பான். கூப்பிட மாட்டீர்கள் என்றால் வைக்காதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மற்ற பயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வெளிநாட்டார் வாயில் நுழையாதே என்றீர்கள். முருகனில் ழகரமும் இல்லை, ளகரமும் இல்லை, றகரமும் இல்லை. இளஞ்செழியன் என்று வைத்தால் நீங்கள் கவலைப்படலாம். கோலாலம்பூருக்கு வெளியே பத்துமலையில் 42.7 மீட்டர் உயரச் சிலையாக 2006 முதல் நிற்கிறவன் முருகன். லண்டன் ஹைகேட்டில் அவன் பெயரிலேயே கோயில் இருக்கிறது. மொரிஷியஸில் தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை. இந்தப் பெயர் உங்கள் மகனுக்கு முன்பே கப்பலேறிப் போய் எல்லா ஊரிலும் காத்திருக்கிறது.

ஜோதிடர் சொன்ன எழுத்துகள் பற்றி ஒரு தமிழாசிரியையாக மட்டும் பேசுகிறேன். தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்காது. தொல்காப்பியமே மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளில் அதைச் சேர்க்கவில்லை. அந்த நட்சத்திர அட்டவணை தமிழ்ப் பெயர்களை வைத்துச் செய்ததில்லை என்பதற்கு இதுவே போதும். பூரத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெயர் தேடி வருகிற பெற்றோர் எத்தனை பேர் இந்த 'டி'யில் சிக்கித் தவித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நம்பிக்கை இருந்தால் புண்ணியாகவாசனத்தில் காதில் ஓதும் பெயரை அந்த எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் நட்சத்திரப் பெயர் தனியாகவே இருக்கும். கூப்பிடும் பெயரை அந்த நான்கு எழுத்துக்குள் அடைக்க வேண்டியதில்லை.

அவசரமும் வேண்டாம். பிறப்பைப் பதிந்திருப்பீர்கள். குழந்தையின் பெயரைச் சான்றிதழில் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை சேர்த்துவிட்டால் மாற்றுவது அலைச்சல், ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலை இருவரும் உட்கார்ந்து முடிவு செய்து, ஆதார் முதல் பாஸ்போர்ட் வரை அதே எழுத்தில் வைத்திருங்கள். எண் கணிதம் பார்த்து நடுவில் ஓர் எழுத்தை இரட்டிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பின்னாளில் விசா வாங்கப் போகும்போது அந்த ஓர் எழுத்து எவ்வளவு பாடுபடுத்தும் என்பதை என் மாணவர்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்வது இதுதான். முருகேசன் நீளமாகத் தெரிந்தால், மாமாவின் பெயரிலிருந்து முதல் பாதியை மட்டும் எடுத்து முருகன் என்றே வையுங்கள். தாத்தாவுடையதாகவும் இருக்கும், பிள்ளைக்கே உரியதாகவும் இருக்கும். தாத்தா முருகேசன், பேரன் முருகன் என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக வருகிறது! முடிவெடுக்கும் முன் ஒரு வாரம், யாரும் இல்லாத நேரத்தில், பால் கொடுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் 'முருகா' என்று உரக்கக் கூப்பிடுங்கள். முதல் நாள் தொண்டையில் சிக்கும். மூன்றாம் நாள் மாமா ஞாபகம் வந்து அழுகை வரலாம், வரட்டும். ஒரு வாரம் கழித்தும் அந்தப் பெயர் உங்கள் பிள்ளையின் மேல் போய் உட்காரவில்லை என்றால், தயங்காமல் வேறு பெயர் வையுங்கள். அப்போது குமரன் இருக்கிறது. சேந்தன் இருக்கிறது, பாண்டிய மன்னன் ஒருவனுக்கே இருந்த பெயர். செவ்வேள் இருக்கிறது. எல்லாமே அந்தத் தாத்தாவின் சாமிதான். மனம் ஒப்பாமல் வைத்த பெயரால் மாமாவுக்கு ஒரு பெருமையும் வராது.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. கணவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், தோழிகள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், ஜோதிடர் சொன்னதும் இருக்கிறது. உங்கள் மாமியார் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. இத்தனை வருடம் அந்த மனிதரோடு வாழ்ந்துவிட்டு இப்போது தனியாக இருக்கிறவர். அவரும் என் அம்மாவைப் போலக் கணவர் பெயரைச் சொல்லாமலே வாழ்ந்தவராக இருக்கலாம். அப்படியானால் உங்கள் வாய் தடுமாறுவதைவிட அவர் வாய் அதிகம் தடுமாறும். என் அண்ணன் தன் மகனுக்கு முருகையன் என்று வைத்தபோது, அம்மா அவனைக் கடைசிவரை 'பேருக்காரன்' என்றுதான் கூப்பிட்டாள். 'பேருக்காரன் சாப்பிட்டானா, பேருக்காரன் பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டானா' என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்தச் சொல்லை அவள் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே பாபநாசத்துக்குப் போன் போடுங்கள். 'அத்தை, மாமா பேரை வச்சா நீங்க இவனை எப்படிக் கூப்பிடுவீங்க?' என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை